ஜெபக் குறிப்பு

எமீமாள் டீச்சர் ரிட்டயர் ஆனதும் சலோமி சிஸ்டரின் ஜெப வீட்டுக்கு வேதம் படிக்கப் போக ஆரம்பித்தார். சிஸ்டருக்கு டீச்சரின் மகள் வயதுதான். "ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினவ, இப்ப சின்னப் பிள்ளைகிட்ட போய் உக்காந்திருக்கா" என்று சிலர் சிரித்தார்கள். டீச்சர் அதைச் சட்டை செய்யவில்லை. அவருக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது.

சிஸ்டர் எப்படி எந்நேரமும் சந்தோஷமாக இருக்கிறார்?

ஜெப வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகும். சாப்பாடு ரேஷன் அரிசிதான். ஆனாலும் அந்த முகத்தில் ஒரு வாட்டம் கிடையாது. டீச்சர் விடாமல் நோட்டம் பார்த்தார். சிஸ்டர் விடியுமுன் எழுந்தால் டீச்சரும் எழுந்தார். சிஸ்டர் வேதத்தில் வாசிக்கிற சங்கீத அதிகாரத்தையே வாசித்தார். சந்தோஷம் வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

ஒருநாள் காலையில் சிஸ்டர் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். டீச்சர் எதிரே உட்கார்ந்து நேராகவே கேட்டுவிட்டார்.

"கர்த்தருக்குள் சந்தோஷமா இருங்கன்னு வேதத்துல பவுல் சொல்லுதாரு. ஜெபிக்கேன், உபவாசம் இருக்கேன், பெண்கள் சங்கத்துக்குத் தலைவியாவும் இருக்கேன். அது மட்டும் எனக்கு வரமாட்டேங்கு சிஸ்டர்."

"எப்போலேருந்து வரல?"

டீச்சர் யோசித்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ரெத்தினபாய் கோவிலுக்கு வராம நின்ன பிறகுன்னு வைங்களேன். பாடகர் குழுவுல என் பக்கத்துல நிப்பாளே, அவதான். சின்ன வயசுலேருந்து சிநேகிதி. இப்ப என்னைக் கண்டா வேற தெரு வழியா போறா."

"ஏனாம்?"

"என்னத்தைச் சொல்ல. நான் அவளுக்கு நல்லதுதான் செஞ்சேன். சங்கக் கூட்டத்துல எல்லாரும் அவளுக்காக ஜெபிக்கணும்னு ஜெபக் குறிப்பு கொடுத்தேன்."

"என்ன குறிப்பு? சொல்லுங்க, நாமளும் ஜெபிப்போம்."

டீச்சர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அவ மருமக கோவிச்சுக்கிட்டு தாய் வீட்டுக்குப் போயிட்டா சிஸ்டர். நகையோட. பையன் கை நீட்டிருப்பான்னு நினைக்கேன். என் கிளாஸ்ல படிச்சவன்தானே, சின்னதுலயே அவன் அப்படித்தான். ரெத்தினபாய் எங்கிட்ட மட்டும் சொல்லி அழுதா. ஜெபக் குறிப்பாத்தான் சொல்லுதேன், வெளிய விட்டுராதீங்க."

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு முழங்கால் போட்டார். டீச்சரும் முக்காடிட்டு முழங்கால் போட்டுக் கண்ணை மூடினார்.

"ஆண்டவரே," சிஸ்டரின் குரலும் தாழ்ந்திருந்தது. "கொஞ்சம் கிட்ட வாரும், ஒரு விஷயம். ரெத்தினபாய் மருமக தாய் வீட்டுக்குப் போயிட்டா. நகையோட. பையன் கை நீட்டிருப்பான்னு நினைக்கோம். உமக்குத் தெரியாது, சின்னதுலயே அவன் அப்படித்தான். ரெத்தினபாய் டீச்சர்கிட்ட மட்டும் சொல்லி அழுதா. ஜெபக் குறிப்பாத்தான் சொல்லுதோம், நீரும் வெளிய விட்டுராதேயும்."

அதோடு நிறுத்திவிட்டார்.

டீச்சருக்கு முதலில் சிரிப்பு வரப் பார்த்தது. பிறகு முகமெல்லாம் காந்தியது. ஆமென் சொல்லாமலே கண்ணைத் திறந்தார்.

"கிண்டல் பண்ணுதீங்களா சிஸ்டர்?"

"நீங்க தந்ததை தந்தபடியே ஒப்பிச்சேன் டீச்சர். ஒரு எழுத்து கூட்டல."

"நான் அவளுக்காக மனசுல பாரத்தோடதான்..." என்று ஆரம்பித்த டீச்சர் பாதியில் நின்றார். சங்கக் கூட்டம் கண்முன் வந்தது. அவர் குரலைத் தாழ்த்தியதும் அத்தனை பெண்களும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். ஒருத்தி விசிறுவதைக்கூட நிறுத்திவிட்டாள். விளக்கு வைக்குமுன் செய்தி கடைத்தெருவுக்குப் போய்விட்டது. அங்கே உப்பு வாங்க வந்த ரெத்தினபாயின் காதிலும் விழுந்தது.

"பாரமில்ல சிஸ்டர்," என்றார் டீச்சர். "சொல்லும்போது எனக்கு இனிச்சுது."

சிஸ்டர் கண்டிக்கவில்லை.

"சரி, மறுபடி ஜெபிப்போம். இப்ப நீங்க சொல்லுங்க."

டீச்சர் கண்ணை மூடினார். "ஆண்டவரே, ரெத்தினபாய்..." என்றார். எந்த மேடையிலும் திக்காத அவர் அந்தப் பெயரையே இன்னொரு தடவை சொல்லிவிட்டு அழுதார்.

அழுது ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இனிமே வாயைக் கட்டுதேன். என் தலையில கை வச்சு ஜெபிங்க சிஸ்டர். உங்களுக்கு இருக்கே, அந்தச் சந்தோஷம் எனக்கும் வரணும்."

"அது எங்கிட்ட இல்லையே டீச்சர். ரெத்தினபாய் வீட்டுலல்லா கிடக்கு."

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அங்கயா? நான் போனா அவ கதவைத் திறக்க மாட்டா."

"தட்டுங்கன்னு தானே வேதத்துல இருக்கு. ஒரு தடவைன்னு இல்லையே."

"உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. மன்னிச்சிருன்னு ஒருத்தர் வாசல்ல போய் நின்னாத்தான் அந்தக் கூச்சம் தெரியும்."

சிஸ்டர் மறுபடி கீரையைக் கையில் எடுத்தார். எப்போதும் சிரிக்கிற அதே சிரிப்புதான்.

"டீச்சர், இந்த ஊர்ல நான் அப்படிப் போய் நிக்காத வாசல் எதுன்னு நினைக்கீங்க?"