மத்தியானச் சாட்சி

யோகராணிக்கு அநீதி நடந்தது. அதைச் செய்தது ஒரே ஒரு மிதி. தோட்ட அலுவலக வாசலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, குமாஸ்தா ஒருவர் மிதித்த மிதி.

யோகராணி தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் நர்ஸ். காலை ஆறரைக்குக் கதவைத் திறக்க வேண்டும். மார்கழியில் மட்டும் பதினோரு நாள் தாமதம். குளிரில் பைக் கிளம்பவில்லை என்று பதினோரு நாளும் சொன்னார். அலுவலகம் வண்டியையே கொண்டுவரச் சொன்னது. குமாஸ்தா ஏறி உட்கார்ந்து மிதித்தார். வண்டி கிளம்பியது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மறுநாள் கடிதம் வந்தது. "தாமதத்துக்குப் பொய்க் காரணம் கூறியுள்ளீர்." சனிக்கிழமைக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் வேலை இல்லை.

பதினோரு விடியற்காலைகளுக்கு ஒரு மத்தியானம் சாட்சி. அதற்கு விசாரணை என்று பெயர் வேறு.

கடிதத்தோடு ஒரு துண்டுச்சீட்டின் நகலும் இருந்தது. "வண்டியைப் பார்த்தேன். கோளாறு எதுவும் இல்லை. கு. குழந்தைவேலு, ஒர்க்‌ஷாப்."

அந்த ஒர்க்‌ஷாப் மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் இருக்கிறது. நடத்துபவர் ரெஜினா. முப்பத்து நான்கு வயது. ஊரில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி.

இரண்டு வருடமாக அவரிடம் தொழில் படிப்பவர்தான் குழந்தைவேலு. வயது ஐம்பத்திரண்டு. தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தார். ஃபேக்டரியை மூடினார்கள். தன்னைவிடப் பதினெட்டு வயது இளையவரிடம் வந்து, "சொல்லிக் குடுங்க மேஸ்திரி" என்று நின்றார். ரெஜினா அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். இதில் அவர்கள் இருவருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. பார்க்கிறவர்களுக்குத்தான் இருந்தது.

புதன்கிழமை நான்கு மணிக்கு யோகராணி வந்து இறங்கினார். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகக் கோயம்புத்தூர் போயிருந்த ரெஜினா, ஒன்றரை மாதம் கழித்து அன்றுதான் கடைக்குத் திரும்பியிருந்தார்.

"சிஸ்டர், மறுபடியுமா?" என்றார் குழந்தைவேலு.

"மறுபடியும்தான்."

அவர் ஏறி ஒரு மிதி மிதித்தார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

"நீங்களே பாருங்க மேஸ்திரி. மூணாவது தடவை வர்றாங்க. வண்டியில ஒண்ணும் இல்ல. சிஸ்டர் மிதிக்கிற விதம்தான் சரியில்ல. மனசு வச்சு மிதிக்கணும்னு அன்னைக்கே சொல்லிட்டேன்."

யோகராணி பெஞ்சில் உட்கார்ந்தார். வலது காலை இடது காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

ரெஜினா கடிதத்தைப் படித்தார். சீட்டின் நகலை இரண்டு முறை படித்தார்.

"உங்க கையெழுத்தா அண்ணே?"

"ஆபீஸ்ல கேட்டாங்க. வண்டியப் பாத்தேன், எழுதினேன். இல்லாத கோளாறை இருக்குன்னு எழுத முடியுமா?"

"முடியாது."

திட்டு விழும் என்று நின்ற குழந்தைவேலுவுக்கு இது போதவில்லை.

"யாராவது பாத்தாங்களான்னு கேட்டாங்க," என்றார் யோகராணி. யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. "யாரு பாக்குறது? லயத்துல வரிசையா பத்து வீடு. ஒம்பதுல பூட்டு. எல்லாரும் திருப்பூர் போயாச்சு. நான் மிதிக்கிற சத்தம் எதிர்மலையில மோதி எனக்கே திரும்பி வருது. அந்த மலையக் கூட்டிட்டுப் போயா சாட்சி சொல்ல வைக்கிறது?"

"உருட்டி கிளப்பலாமே சிஸ்டர்?" என்றார் குழந்தைவேலு.

"வீடு பள்ளத்துல இருக்கு. எந்தப் பக்கம் உருட்டினாலும் மேடு. உங்களுக்குத் தெரியாததா? ஆறாம் நம்பர் வீட்டுல இருந்தவருதானே நீங்க."

குழந்தைவேலு ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தார்.

"வேலை போனா போகுது," என்றார் யோகராணி. "ஊசி போடத் தெரிஞ்சவளுக்கு எங்கயும் வேலை கிடைக்கும். பொய்க் காரணம்னு எழுதியிருக்காங்க பாருங்க, அந்த வரி போகணும்."

ரெஜினா எஞ்சின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனார். தொடாமலே எடுத்துக்கொண்டார்.

"சூடா இருக்கு."

"ஓடி வந்த வண்டி சூடாத்தானே மேஸ்திரி இருக்கும்?"

"ஆமா," என்றார் ரெஜினா. "சிஸ்டர், வண்டிய எடுத்துட்டுப் போங்க. வழக்கமா நிறுத்துற இடத்துலயே நிறுத்துங்க. காலையில நாங்க வர்ற வரைக்கும் தொடாதீங்க."

யோகராணி போனார். குழந்தைவேலு ஷட்டரை இழுக்கும்போது கேட்டார்.

"மேஸ்திரி, ஒரு சந்தேகம். வண்டி கண்ணு முன்னால ஓடுது. ஓடலன்னு ஒரு ஆள் சொல்றாங்க. வண்டிய நம்பறதா, ஆள நம்பறதா?"

"அஞ்சே முக்காலுக்கு லயத்துக்கு வந்துடுங்க அண்ணே."

"கேட்டதுக்குப் பதில்?"

"ஸ்வெட்டர் போட்டுட்டு வாங்க."

மறுநாள் காலை பள்ளத்தில் பனி நிரம்பிக் கிடந்தது. பத்து வீடுகளில் ஒன்றில்தான் விளக்கு எரிந்தது. பூட்டுகளின் மேல் நீர் கோத்திருந்தது. ஆறாம் நம்பர் வீட்டைத் தாண்டும்போது குழந்தைவேலு கொஞ்சம் வேகமாக நடந்தார்.

யோகராணி மருந்தகத்துக்குப் போகத் தயாராக, வெள்ளை கோட்டும் மேலே சால்வையுமாக நின்றார். ரெஜினா ஏற்கெனவே வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் பாலில்லாத தேத்தண்ணி.

"அண்ணே, கிளப்புங்க."

குழந்தைவேலு பெட்ரோலைத் திறந்தார். கைப்பிடி அருகே இருந்த சோக் லீவரை இழுத்துவிட்டார். மிதித்தார்.

ஒன்றுமில்லை.

மறுபடி மிதித்தார். மறுபடி. பத்தாவது மிதியில் தன் தலைத்துண்டை அவிழ்த்து மரக்கிளையில் போட்டார். இருபதாவதில் ஸ்வெட்டரைக் கழற்றினார். ஒவ்வொரு மிதிக்கும் எதிர்மலை ஒரு மிதி மிதித்தது.

"பூம்பூம் மாடுகூட கேட்டதுக்குத் தலையாட்டும். இது அசைய மாட்டேங்குதே," என்றார்.

"மிதிக்கிற விதம் சரியில்லண்ணே," என்றார் யோகராணி. "மனசு வச்சு மிதிக்கணும்."

ரெஜினா தேத்தண்ணியை ஊதிக் குடித்தார். சிரிக்கவில்லை.

முப்பத்தொன்றாவது மிதியில் கால் வழுக்கிக் கிக்கர் அடித்தது. குழந்தைவேலு கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்க நேரமாயிற்று. எழுந்ததும் யாரும் சொல்லாமலே ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். அதை விரலால் தடவினார்.

"காய்ஞ்சு கிடக்கு மேஸ்திரி. பெட்ரோலே போகல."

"குளிர்ல பெட்ரோல் போறதுக்கு எது உதவணும்?"

"சோக். காத்த அடைச்சு பெட்ரோல இழுத்துக் குடுக்கணும்." லீவரை ஆட்டிப் பார்த்தார். "இது நல்லாத்தானே வேலை செய்யுது?"

"கையில நல்லாத்தான் இருக்கு."

குழந்தைவேலு டார்ச்சை வாங்கிக்கொண்டு குனிந்தார். ஒரு கையால் லீவரை இழுத்தார். விட்டார். இழுத்தார். மேலே லீவர் போய் வந்தது. கீழே, கார்புரேட்டரில், கம்பியின் முனை கொக்கியில் மாட்டாமல் பக்கத்துச் சந்தில் செருகிக் கிடந்தது. லீவரை எத்தனை முறை இழுத்தாலும் உள்ளே எதுவும் மூடப்போவதில்லை.

அவர் நிமிரவில்லை.

"என்ன அண்ணே?"

"கார்த்திகையில கார்புரேட்டர கழுவிக் குடுத்தேன் மேஸ்திரி. நீங்க ஊருல இல்ல."

"ம்."

"நான் மாட்டினதுதான் இது."

"மாட்டிட்டு ஓட்டிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒரே மிதியில கிளம்புச்சு."

"எத்தனை மணிக்கு?"

குழந்தைவேலு கம்பியைக் கொக்கியில் மாட்டினார். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிளக்கைத் திருகினார். லீவரை இழுத்துவிட்டு மிதித்தார். இரண்டாவது மிதியில் வண்டி இருமிக்கொண்டு கிளம்பியது. புகை பனியோடு கலந்தது.

"மூணு மணிக்கு," என்றார். "நல்ல வெயில்."

யோகராணி வண்டியைப் பார்க்கவில்லை. பூட்டிய ஒன்பது கதவுகளையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இங்கயே இருந்திருந்தா ஒரு நாளாவது சத்தம் கேட்டிருக்கும்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் குழந்தைவேலுவால் ஏதாவது பதில் பேசியிருக்க முடியும்.

அவர் ஒரு தாள் கேட்டு வாங்கினார். பெட்ரோல் டேங்கின் மேல் வைத்து எழுதினார். எஞ்சின் அதிர்வில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. எழுதி முடித்து யோகராணியிடம் நீட்டினார்.

"கார்புரேட்டரைக் கழற்றியது நான். சோக் கம்பியைச் சரியாக மாட்டாதது நான். சூடான வண்டியைப் பார்த்துவிட்டுக் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்ததும் நான். குளிரில் இந்த வண்டி கிளம்பாது என்பதை இன்று காலை முப்பத்தொரு முறை மிதித்துத் தெரிந்துகொண்டேன்."

யோகராணி படித்தார்.

"வண்டிக்கு இது சரி. எனக்கு?"

குழந்தைவேலு தாளைத் திருப்பி வாங்கினார். பிறகு கீழே எழுதினார்.

"நர்ஸ் யோகராணி சொன்னது உண்மை. பொய் என்னுடைய சீட்டில் இருந்தது."

கையெழுத்துப் போட்டார். தாளை மடித்துத் தன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார்.

"ஆபீஸ் பத்து மணிக்குத் திறக்கும். நானே கொண்டு போறேன். சிரிச்சாங்கன்னா நான் நிக்கணும் அங்க."

யோகராணி தலையசைத்தார். மணி பார்த்தார். ஆறு பத்து. ஏறி உட்கார்ந்தார். வண்டி பனிக்குள் மேடேறியது. சத்தம் முதல் வளைவில் மெலிந்து, இரண்டாம் வளைவில் திரும்ப வந்து, பிறகு இல்லாமல் போனது. பத்தாவது வீட்டிலும் இப்போது பூட்டு.

குழந்தைவேலு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டார். சாமான்களைப் பையில் போட்டார். ஒவ்வொன்றையும் துடைத்துத் துடைத்துப் போட்டார்.

"மேஸ்திரி."

"சொல்லுங்க அண்ணே."

"நேத்து நீங்க வண்டியத் திறக்கவே இல்ல. கம்பியும் பாக்கல. பக்கத்துல கை கொண்டுபோனதோட சரி. என் சீட்டு உங்க கையில இருந்துச்சு. வண்டி உங்க முன்னாலயே ஒரே மிதியில கிளம்புச்சு. அப்புறம் எத வச்சு அவங்கள நம்பினீங்க?"

ரெஜினா காலி டம்ளரை வாசற்படியில் கவிழ்த்து வைத்தார்.

"அவங்க ஷூ ரெண்டும் ஒரே நாள்ல வாங்கினதுதானே அண்ணே. இடது இன்னும் புதுசா இருக்கு. வலதோட அடி நடுவுல பிளந்துபோயிருந்துச்சு."