எழும்பாத வீடு

"மனசு ஒரு இடத்துல நிக்கமாட்டேங்குதும்மா" என்றார் அனவரதம்.

சேர்மக்கனியம்மா அவருக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டைப் பார்த்தார்.

"மேடு நடந்து வருது அண்ணாச்சி. பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"உங்க வீட்டுப் பக்கமால்லா வருது."

குருவிடம் நிம்மதியைக் கேட்டால் மணலைக் காட்டுகிறாரே என்று அனவரதத்துக்கு எரிச்சல் வந்தது. குரு அவரைவிட இருபது வயது இளையவர் வேறு.

பாலம் கட்டிப் பாலம் கட்டியே ஓய்வு பெற்றவர் அனவரதம். அதற்கப்புறம் மூன்று ஆசிரமம் பார்த்தாகிவிட்டது. ஒன்றில் சாப்பாடு சரியில்லை. ஒன்றில் குரு சரியில்லை. மூன்றாவதில் எல்லாமே சரியாக இருந்தது, அது அவருக்குப் பொறுக்கவில்லை.

நாலாவதுதான் இந்தக் கடற்கரைக் குடியிருப்பு. இதையும் விட்டு ஓடிவிடுவோமோ என்று அவருக்கு உள்ளுக்குள் உதறல்.

சொந்தக் கீரை, சொந்தக் கிணறு, வெயிலைச் சேமித்து ராத்திரி எரியும் விளக்கு என்று எளிமையாக வாழ்கிறவர்கள் அங்கே இருப்பவர்கள். வேலிக்கு அப்பால் பாதுகாக்கப்பட்ட கடற்கரை. அங்கே மணல்மேடும் அடும்பங்கொடியும் ஆமையும் வைத்ததுதான் சட்டம். மேட்டில் மண்வெட்டி வைத்தவர் அன்றைக்கே மூட்டையைக் கட்ட வேண்டும்.

ஆடிக் காற்றில் மேடு நகரும். வேலியெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. அதனால் மனிதர்கள்தான் நகர்ந்துகொள்வார்கள். பனங்கைச் சட்டமும் ஓலையும் கயிறும்தான் வீடு. ஆணி கிடையாது, அஸ்திவாரம் கிடையாது. மணல் கிட்டே வந்தால் எல்லோரும் கூடி வீட்டை அப்படியே தூக்கி அப்பால் வைப்பார்கள்.

அனவரதம் விடிந்ததும் மேட்டைப் போய்ப் பார்த்தார். சாப்பிட்ட கை காயுமுன் மறுபடியும் பார்த்தார். தியானத்தில் உட்கார்ந்தால் ஒரு கண் மூடவில்லை.

மணல் வாசலுக்கு வந்துவிட்டது.

"வெள்ளிக்கிழமை உங்க வீட்டத் தூக்கிருவோம்" என்றார் சேர்மக்கனியம்மா.

"வேண்டாம்மா. காத்து திரும்பிரும்."

"ஆடிக் காத்துல அம்மியே பறக்கும். ஓலை வீட்டுக்கு என்ன?"

"இது கொஞ்சம் கனமான வீடு."

"ஆள் இருக்கு அண்ணாச்சி."

வெள்ளிக்கிழமை காலையில் கேலியும் சிரிப்புமாக எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள்.

"ஐலசா!"

வீடு எழும்பவில்லை.

"ஐலசா!"

ஒரு கயிறு அறுந்தது. பனங்கை முனகியது. வீடு மட்டும் அசையவில்லை. அனவரதம் தோள் கொடுத்தபடி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் குனிந்து, தூணின் அடியில் கையால் மணலைத் தள்ளினாள்.

சிமெண்டு.

நாலு காலுக்கும் முழங்கால் ஆழத்துக்கு, பாலத்துக்குப் போடுவதுபோல, கம்பி வைத்துப் போட்டிருந்தது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச கதைல்லா இது" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. தோளைத் தட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

சேர்மக்கனியம்மா மட்டும் நின்றார்.

அனவரதம் வாசல் மணலில் உட்கார்ந்தார். மானம் போய்விட்டது. வீடும் போகப்போகிறது. இனி எந்த முகத்தோடு இங்கே இருப்பது?

"போகச் சொல்லுங்கம்மா. போயிருதேன்."

"எதுக்குப் போட்டீங்க?"

அவர் வாசல் மணலைக் கையால் கிளறினார்.

"இங்கயாவது நிலைச்சு இருக்கணும்னுதாம்மா. முதல் வாரமே யாருக்கும் தெரியாமப் போட்டேன். வீடு ஊனி நின்னுட்டா, நான் ஓடமாட்டேன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அழுதார். அறுபது வயதில் இப்படி அழுவது வெட்கமாக இருந்தது. அழுகை நிற்கவில்லை.

சேர்மக்கனியம்மா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையில் ஒட்டிய மணலை உதறினார்.

"மூணு இடத்துலயும் ஓடுனது வீடா, அண்ணாச்சி?"

காற்று ஒரு கை மணலை அள்ளி முகத்தில் அடித்தது. அனவரதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீட்டைப் பார்த்தார். மேட்டைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அம்மா, கடப்பாரை எங்க இருக்கு?"