கட்டையைப் பிடித்து வந்த பாட்டன்

வெளிச்சமே எட்டாத ஆழ்கடலில் ஒரு பாறை. அதன் வெடிப்பிலிருந்து வாயு குமிழ் குமிழாக வந்துகொண்டே இருக்கும். சுற்றுவட்டாரத்தில் உயிர்களுக்குச் சாப்பாடு கிடைக்கிற இடம் அது ஒன்றுதான்.

அந்தப் பாறையில் ஆதிமூலம் என்றொரு கொட்டலசு இருந்தது. கப்பலின் அடியில் ஓட்டோடு ஒட்டிக்கிடக்குமே, அந்த இனம். தலையைக் கல்லில் ஒட்டிவைத்து, காலை மேலே ஆட்டி ஆட்டிச் சாப்பிடும். இந்த லட்சணத்தில் வாய்க்கொழுப்புக்கு மட்டும் குறைச்சலில்லை!

ஒருநாள் அலங்காரி என்ற நண்டு, வயிற்றுக்கடியில் முட்டைகளை அணைத்தபடி வந்தது.

"ஐயா, குஞ்சு பொரிக்கிற நேரம். பிள்ளைங்களுக்கு நாலு வாய் கிடைக்கணும். ஒரு ஓரமா இருந்துக்கட்டுமா?"

"கள்ளத்தோணியா நீ? கிளம்பு, கிளம்பு! உலகம் உண்டான அன்னைக்கே நாங்க இங்கதான் முளைச்சோம்!"

"பார்த்தவங்க யாருங்க?"

ஆதிமூலத்துக்குச் சுருக்கென்றது. "கொழுப்பைப் பாரு! எனக்குக் கீழே எங்க பாட்டன் கல்லாவே கிடக்கார். கொடுக்கு இருக்குல்ல? உடைச்சுப் பார்த்துட்டு நடையைக் கட்டு!"

அலங்காரி ஓங்கி ஒரு போடு போட்டது. பாறை பிளந்தது. உள்ளே பாட்டன் இருந்தார், நிஜம்தான். ஆனால் அவர் ஒட்டியிருந்தது பாறையில் அல்ல, கல்லாகிப்போன ஒரு மரக்கட்டையில்!

"ஐயா, மரம் கரையிலதானே முளைக்கும்? உங்க பாட்டன் கரையோரத்து ஆளு! தோணிகூடக் கிடைக்கலை போல, கட்டையைப் பிடிச்சு வந்திருக்கார்!"

பதில் சொல்ல ஆதிமூலம் அங்கே இல்லை. உடைந்த சில்லோடு சரிவில் உருண்டு, வெறும் மணலில் கிடந்தது. அங்கே குமிழும் இல்லை, சாப்பாடும் இல்லை.

"ஐயோ, பட்டினியில செத்துடுவேன்! என்னைத் தூக்கிக்கோ தாயி!"

அலங்காரிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம். சில்லோடு தூக்கி முதுகில் வைத்துக்கொண்டு பாறைக்கு ஏறியது. ஒருமுறை ஒட்டின தலை மறுபடி வேறெங்கும் ஒட்டாது; சில்லைப் பாறையில் வைத்தால் மறுபடி உருண்டுவிடும். அதனால் அந்த முதுகே ஆதிமூலத்துக்கு வீடாயிற்று. முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் வயிறாரத் தின்றன.

வழியே போன இன்னொரு நண்டு கேட்டது: "யாருடி அது முதுகுல?"

"பாவம்டி, போக்கிடம் இல்லாம வந்தவர். ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்!"

ஆதிமூலம் காலை உள்ளே இழுத்து ஓட்டை மூடிக்கொண்டது.

வந்தவரை விரட்டும் முன், நம் பாட்டன் எதைப் பிடித்துக்கொண்டு வந்தான் என்று தெரிந்துகொள்வது நல்லது.