மதிலுக்கு இந்தப் பக்கம் விழும் கரி

ஊருக்கு மின்சாரம் பற்றாத சாயங்காலங்களில் மட்டும் ஓடும் எண்ணெய் மின்நிலையம் அது. மதிலை ஒட்டி ஒரு சின்ன ஆசிரமம். குரு பூங்கோதைக்கு நாற்பது வயதிருக்கும். அவருடைய சீடர் சிங்காரவேலு அந்த நிலையத்தில் இன்ஜினீயர். வயதில் குருவைவிட மூத்தவர். இருவருமே அதைப் பொருட்படுத்தியதில்லை.

காலையில்தான் அவர் ஆசிரமத்துக்கு வருவது வழக்கம். சாயங்காலம் டியூட்டி. அன்று லீவு என்பதால் முதல் தடவையாக முற்றத்தில் எல்லோரோடும் ராச்சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்.

நிலையத்தில் சங்கு ஊதியது. எல்லோரும் சட்டென்று சோற்றின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்துவிட்டு அமைதியாக இருந்தார்கள். ஏதோ பிரார்த்தனை போல என்று சிங்காரவேலு கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். பக்திக்கு ஒன்றும் குறைச்சலில்லை.

கண்ணைத் திறந்தபோது அவர் சோற்றில் மட்டும் கரித்தூள் விழுந்திருந்தது.

"எப்பவும் இப்படித்தானாம்மா?"

"மிஷின் கிளம்புற நேரம் மட்டும்தான். அப்புறம் அடங்கிடும்" என்ற குருவுக்கு இருமல் வந்தது. லேசில் நிற்கவில்லை.

குரு தன் தட்டைச் சிங்காரவேலுவின் பக்கம் தள்ளிவிட்டு, அவர் தட்டை எடுத்துக் கரியை ஒதுக்கிச் சாப்பிடத் தொடங்கினார்.

"நாளைக்கே வேலையை விட்டுடறேம்மா. இந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"ஆஸ்பத்திரிக்கும் அந்தக் கரண்டுதானே போகுது?"

"ஆமா."

"அப்ப மிஷின் நிக்காது."

"நிக்காது. வேற யாராவது போடுவாங்க."

"புகையைக் குறைக்க வழியே இல்லையா?"

"இருக்கு. முன்கூட்டியே மிஷினைச் சூடு பண்ணி வச்சா, கிளம்பும்போது வர்ற புகை நல்லாவே குறையும். நல்ல எண்ணெய் கேட்டு மேலிடத்தோட சண்டை போடலாம். யாரும் மெனக்கெடறதில்லை."

"உங்க இடத்துக்கு வர்றவர் மெனக்கெடுவாரா?"

"அவருக்கு என்ன வந்தது? மதிலுக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கறதே தெரியாது."

குரு மறுபடி இருமினார். சிங்காரவேலு கலங்கிய கண்ணோடு தண்ணீரை நீட்டினார். இரண்டு மிடறு குடித்துவிட்டு குரு சிரித்தார்.

"நான் இருமறது உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே. இனிமே மிஷினை நீங்கதான் போடணும்."