ராணி நின்ற இடம்

முன்னொரு காலத்தில் ஒரு நாட்டில், ராணி காலமான நாள்முதல் சிரிப்பையே மறந்துபோன அரசர் ஒருவர் இருந்தார். அரசர் சிரிக்காத அரண்மனையில் விகடனுக்கு என்ன வேலை? விகடன் சாத்தப்பன் சோற்றுக்குக் கேடாகத் திரிந்துகொண்டிருந்தான்.

ஒருநாள் அவன், கடல் கடந்து வந்த லொரேன்சோ என்ற ஓவியனைச் சபைக்கு அழைத்து வந்தான். இருட்டில் ஒற்றை விளக்கு ஏற்றியதுபோல முகங்களை எழுதுகிறவன் அவன். பிரதானி வீரமல்லருக்கு வயிறு எரிந்தது.

"மகாராஜா, இவர் அத்தனை கெட்டிக்காரர் என்றால் மறைந்த மகாராணியாரை எழுதட்டுமே" என்றார். ராணிக்குப் படம் ஏதும் கிடையாது, ஓவியன் அவரைக் கண்டதும் இல்லை என்பது பிரதானிக்கு நன்றாகத் தெரியும்.

அரசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாவம், ஆசை யாரை விட்டது.

"படத்தைப் பார்த்ததும் அவள் எதிரே இருப்பது எனக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விகடனும் ஓவியனும் இருவருமே நாட்டை விட்டுப் போய்விடுங்கள்."

சாத்தப்பன் முன்னால் வந்து வணங்கினான். "உத்தரவு மகாராஜா. ராணியாரைப் பற்றித் தாங்கள் சொன்னால்தான் எழுத முடியும்" என்று அரசரை ஒரு விளக்கருகே உட்காரவைத்தான். ஓவியனைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைத்தான்.

அரசர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பல்லாங்குழி ஆடும்போது ஒரு சோழியை மடியில் ஒளித்துக்கொள்வாள். நான் பார்த்தும் பாராததுபோல இருப்பேன். அதுவும் அவளுக்குத் தெரியும்."

சொல்லும்போதே அவர் உதடு சிரித்தது, கண் நிறைந்தது. சாத்தப்பன் திரையைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான்.

படம் முடிந்ததும், சபையில் அரசர் அதன் எதிரே வந்து நிற்க, துணியை விலக்கினார்கள். கரிய இருளுக்குள் அரசரின் முகம். பாதியில் வெளிச்சம், பாதியில் நிழல். உதட்டில் அதே சிரிப்பு, கண்ணில் அதே ஈரம்.

"ராணியார் எங்கே?" என்றார் பிரதானி, பழம் நழுவிப் பாலில் விழுந்த மகிழ்ச்சியில்.

சாத்தப்பன் கைகட்டிச் சொன்னான்: "அவர் எதிரே இருப்பது தெரிய வேண்டும் என்றுதானே உத்தரவு? யார் எதிரே இருந்தால் மகாராஜாவின் முகம் இப்படி ஆகும்? இந்த முகத்தை நாங்கள் பார்த்ததில்லை, தாங்களும் பார்த்ததில்லை. பார்த்தவர் ராணியார் ஒருவர்தான். தாங்கள் இப்போது நிற்பது அவர் நின்ற இடம்."

அரசர் படத்தை இன்னொருமுறை பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சாத்தப்பன் கழுத்தில் தம் முத்துமாலையையும், ஓவியன் விரலில் தம் மோதிரத்தையும் போட்டார்.

"பிரதானியாரே, இந்தப் படத்துக்கு வெளிச்சம்தான் முக்கியமாம். இனி அந்திதோறும் நீரே வந்து விளக்குப் பிடியும்."

அன்று அந்தியில் பிரதானி விளக்குப் பிடித்தார். அரசர் படத்தின் முன் பல்லாங்குழிப் பலகையை வைத்து, ராணி உட்காரும் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஒரு சோழியை எடுத்து மடியில் ஒளித்துக்கொண்டார்.