பனிக்கடல் மீனுக்குள்ள ஒரு உளறி

ஒரு கடல்ல ஒரு மீனு. வடக்கே, தண்ணியே உறையற கடல். கேக்குறியா செவ்வி? "ம்" சொல்லு.

அந்த மீனுக்குள்ள ஒரு நீள மணிச்சரம், நாலே நிறத்துல. படிச்சவங்க அதை டி.என்.ஏன்னு சொல்றாங்க. சரத்துல கண்ணு செய்யறவ, ரத்தம் செய்யறவன்னு பெரிய வீட்டுக்காரிங்க. ஒரு சமையக்காரன் வந்து, ஒவ்வொருத்தியையும் தொடக்க மணியில இருந்து நிறுத்த மணி வரைக்கும் படிச்சு, படிச்சபடி செஞ்சு குடுப்பான்.

அவங்களுக்கு நடுவுல பொறம்போக்கு. உளறின்னு ஒருத்தி அங்க இருந்தா. தொடக்கமும் கிடையாது, வேலையும் கிடையாது. சும்மா "தாஆஆ தாஆஆ"ன்னு ஒரே பேச்சு.

"ஏய், வாயை மூடுடி! அர்த்தம் இல்லாத ஜென்மம்"பா ரத்தக்காரி. உளறிக்குக் குப்புன்னு எரியும். இன்னும் சத்தமா "தாஆஆ"ன்னு உளறுவா.

அப்போ கடல் இன்னும் குளிர்ந்துது. மீனோட ரத்தத்துலயே பனி, ஊசி ஊசியா, சுருக் சுருக்குன்னு. மீனு செத்தா சரமும் போச்சு. "எனக்கு இது தெரியாதே"ன்னு ரத்தக்காரி கையை விரிச்சா.

தாய்மீனு குஞ்சுங்களுக்குப் புதுச்சரம் கோக்கும்போது கை தவறும். யாரும் கேட்டுத் தவறல, தானாத்தான். ஒரு குஞ்சுக்கு உளறி முன்னாடி தொடக்க மணி விழுந்துது. சமையக்காரன் ஓடி வந்தான். ரெண்டு மணி தள்ளி நிறுத்த மணி! செஞ்ச துணுக்கைப் பொத்துன்னு போட்டுட்டுப் போனான். குஞ்சு விறைச்சுது.

"பெருசா கிளம்பினாளே!"ன்னு எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க.

அப்புறம் இன்னொண்ணு. அதுலயும் தொடக்க மணி விழுந்துது, நிறுத்த மணியும் தள்ளிப்போச்சு. சமையக்காரன் உளறலைப் படிச்சு நீளமா ஒண்ணு செஞ்சான், ஆனா அது ரத்தத்துக்குப் போக வழி இல்ல. உள்ளயே குவிஞ்சுது. அதுவும் விறைச்சுது. உளறி பல்லைக் கடிச்சா. "இன்னும் எத்தனை பிள்ளைங்க சாகணும்?"

ம் சொல்லு.

மூணாவதுல அதோட சேர்த்து ஒரே ஒரு மணி உதிர்ந்துது. அவ்வளவுதான், தலைப்பக்கம் படிக்கறதே மாறி, ரத்தத்துக்குப் போற வாசல் திறந்துது. உளறியோட உளறல் சரசரன்னு ரத்தத்துல பாய்ஞ்சு, ஒவ்வொரு ஊசி மேலயும் சப்பு சப்புன்னு ஒட்டிக்கிச்சு. ஊசி வளரல. குஞ்சு வாலை அடிச்சு, சளக்குன்னு நீந்திப் போச்சு.

அப்போ ரத்தக்காரி பல்லை இளிச்சுக்கிட்டு வந்தா. "நீ எங்க வீட்டுப் பொண்ணாத்தான் இருக்கணும் கண்ணு. இல்லன்னா இந்த வேலை எப்படி வரும்?"

"உன் வீடா? வாயை மூடுன்னது எந்த வீடு? நான் பொறம்போக்குல முளைச்சவ. போடி!"

அந்நேரம் பொறம்போக்குல வேற யாரோ "கூகூமா"ன்னு உளற, ரத்தக்காரி பழக்கத்துல, "உஷ்!"ன்னா.

உளறி பாய்ஞ்சு வந்தா. "அதை உஷ்ஷுன்னே, அவ்வளவுதான். பேசட்டும் விடு!"

அதோட கதை ஆச்சு. நீயும் தூக்கத்துல எவ்வளவு வேணாலும் உளறு செவ்வி. நாளைக்கு யாராவது வாயை மூடுன்னு சொல்லட்டும், அம்மா பாத்துக்கறேன். கண்ணை மூடு.