பொம்மைக்குக் கொடுத்த மூச்சு

புற்றுநோய்க் கட்டியைப் படம் பிடித்து, குறிபார்த்துக் கதிர் பாய்ச்சும் புது இயந்திரம் அது. அதைச் சோதிக்க ஒரு ரோபோ பொம்மையைப் படுக்க வைத்திருந்தார்கள். பொம்மையின் மார்பு ஏறி இறங்கியது. கட்டிக்குப் பதிலாக உள்ளே வைத்த குறியில் கதிர் பிசகாமல் விழுந்தது.

"யார் படுத்தாலும் தப்பாது!" என்று விருந்தினர்களிடம் மார்தட்டினார் இயக்குநர் சந்தானகோபாலன்.

மறுநாள் அங்கே படுக்க வேண்டிய நோயாளி ஞானசௌந்தரி, துணைக்கு ஆளில்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். "பொம்மை யார் மாதிரி மூச்சு விடுது சார்?"

"தூங்குறவங்க மாதிரி."

"எனக்கு அங்கே தூக்கம் வராதே. குறி தப்பினா நல்ல நுரையீரல்தானே வெந்துபோகும்?"

"மூச்சு எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. வேணும்னா என் மூச்சையே வச்சுப் பாருங்க!"

"சரி சார், படுங்க. கதிர் வேண்டாம். நோயாளியை விடுற மாதிரி உங்களைத் தனியா விட்டுட்டு நாங்க எல்லாரும் வெளியே போயிடறோம்."

கனத்த கதவு மூடியது. சற்று நேரத்தில் இயக்குநர் வேர்த்து வழிய வெளியே வந்தார். இயந்திரத்தில் பதிவான அவர் மூச்சைப் பொம்மைக்குக் கொடுத்தார்கள். பொம்மை திணறியது, கதிர் குறிக்கு வெளியே விழுந்தது.

"கதிர் இல்லாமலே இப்படியா சார்?" என்றாள் ஞானசௌந்தரி. விருந்தினர்கள் சிரித்துவிட்டார்கள்.

அதன்பின் ஒவ்வொரு நோயாளியின் மூச்சையும் முதலில் பொம்மைக்குக் கொடுத்துக் குறியைச் சரிசெய்தார்கள். தன் முறை வந்தபோது, பொம்மை தன்னைப் போலவே விம்மி விம்மி மூச்சுவிடுவதை ஞானசௌந்தரி திரையில் பார்த்தாள். தனக்கு முன்னால் யாரோ அங்கே தனியாகப் படுத்து எழுந்ததுபோல் இருந்தது அவளுக்கு.